முகத்தில் மாட்டிய சொற்கள்

நிகினாவின் தகப்பனார் ஃபைசலி அவர்களுக்கு, இஸ்ஃபராவிலிருந்து குலாந்தோம் எழுதுவது. சலாம். நலமா என்று கேட்கவில்லை. நீங்கள் நலமாக இருப்பதை ஊரே கைபேசியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

என் எண்ணை நீங்கள் முடக்கிவிட்டதால், ரஷ்யாவுக்கு வேலைக்கு வரும் உங்கள் தம்பி ஓதிலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று அவன் வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடியே உங்கள் சொல்லை ஒப்பித்தான்: "அண்ணி, நீங்க போட்ட வீடியோவ அழிக்கலேன்னா அண்ணன் மூணு தலாக்கும் சொல்லிடுவாராம்."

என்னுடையதை மட்டும்தான் அழிக்க வேண்டுமா?

ரஷ்ய மொழித் தேர்வுக்குப் படிக்கும் பையன்களுக்கு நீங்கள் வீடியோ போட்டு வழி சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம்தான். சொல்லை வெறுமனே உருப்போடாதே, தெரிந்த முகத்தில் மாட்டு என்றீர்கள். மாட்டுவதற்கு என் முகம்தான் கிடைத்ததா? 'கரோவா' என்றால் பசு. நான் வாய்க்காலிலிருந்து வாளியோடு வரும் நடையை நினைக்கச் சொன்னீர்கள். 'ஷாபா' என்றால் தேரை. அதற்கு என் அம்மாவின் கழுத்து. 'தூரா' என்றால் மடச்சி. "நம்ம தாஜிக் பாஷையில தூர்னா தொலைவு. தொலைவுல இருக்கிற என் பொண்டாட்டிய நெனச்சுக்கோங்கடா, செத்தாலும் மறக்காது!" என்று சிரித்தீர்கள்.

சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட்டோடு உட்கார்ந்திருந்தேன். மீசை முளைக்காத ஒருவன், "தூரா அக்கா, பழம் இனிக்குமா?" என்றான். இறைச்சிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உங்கள் அம்மாவிடம் முறையிட்டேன். "உன் மூஞ்சி என்ன தேஞ்சா போச்சு? நாலு பசங்களுக்குப் பாஷை வருதுல்ல" என்றார்.

அதனால்தான் நானும் பாடம் நடத்தினேன். பழம் காயவைக்கும் கொட்டகையில் பெண்களைக் கூட்டினேன். 'வ்ரூன்' என்றால் பொய்யன். "நவ்ரூஸ் பண்டிகைக்கு வந்துருவேன்" என்று வருஷா வருஷம் சொல்கிற ஃபைசலியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். 'த்ரூஸ்' என்றால் கோழை. பக்கத்து வீட்டு வான்கோழிக்குப் பயந்து மல்பெரி மரத்தில் ஏறிய ஃபைசலி. விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே தடவையில் எல்லாருக்கும் மனப்பாடம். உங்கள் வித்தை நன்றாகவே பலிக்கிறது. அதைப் படம் பிடித்துப் போட்டதும் நான்தான், வேறு யாரையும் திட்ட வேண்டாம்.

தலாக் சொல்வதென்றால் சொல்லுங்கள். பயந்து அழிக்க மாட்டேன். நீங்கள் உங்களுடையதை அழிக்கிற அன்றைக்கு நானும் அழிப்பேன்.

இன்னொரு விஷயம். நிகினா உங்கள் பாடங்கள் அத்தனையையும் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். பசுவையும் தேரையையும் அவள் பொருட்படுத்தவே இல்லை. "அப்பா என்னை எந்த வார்த்தையில மாட்டியிருக்காரும்மா?" என்று கேட்டாள். நானும் தேடிப் பார்த்தேன். எதிலும் இல்லை. "உன்னை நாலு பேருக்குக் காட்ட மனசில்லாம தனக்குன்னே வச்சிருக்காருடி" என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் சார்பில் நான் சொன்ன பொய் அது. உங்கள் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதல்ல, அவள் முகத்துக்காகச் சொன்னது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நீங்கள் ஏறி வேலை செய்யும் கட்டடச் சாரத்தில் பனி உறைந்திருக்கும் என்று ஓதில் சொன்னான். இறைவன் உங்கள் கால்களைக் காக்கட்டும். நாக்கை நீங்கள்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நிகினாவின் அம்மா
குலாந்தோம்