மேனேஜர் கழுத்தில் வந்த வீக்கம்

என் தங்கமே, அம்மா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் கைகால் சுகத்தோட இருக்கோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். சாப்பிட்டேன்னு போன்ல நீ சொல்றதை நான் நம்பறதில்ல, அது வேற விஷயம். இதையும் போன்லயே சொல்லியிருப்பேன், பக்கத்து ரூம்ல உங்கப்பா சோபா உறை தைச்சுக்கிட்டு இருக்கார், பேசினா அவர் காதுல விழும், அதான் எழுத்துக்கூட்டி எழுதறேன், தப்பு இருந்தா சிரிச்சுக்கோ.

நம்ம பூனை மேனேஜருக்கு கழுத்து தடிச்சப்ப கொழுப்பு ஏறிடுச்சுன்னு நாமதானே கேலி பண்ணினோம், வீடியோவுல பாத்து ரெட்டைத் தாடைன்னு நீயும்தான் சிரிச்சே. தீனியை வேற குறைச்சோம், உடம்பு இளைச்சதும் பலன் தெரியுதுன்னு உங்கப்பா ஊரெல்லாம் பெருமை அடிச்சார். கடைசியில பாத்தா நெறி கட்டற இடத்துல வர்ற புற்றுநோயாம், லிம்ஃபோமான்னு பேராம். அன்னிக்கு நான் உனக்குச் சொன்னதும் நீ எதையோ படிச்சுட்டு, சிகரெட்டை ஊதி ஊதியே அதைக் கொன்னுட்டீங்கன்னு அப்பாகிட்ட கத்தினே. அவர் போனை என் கையில குடுத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் உன் போன் வந்தா எடுக்கறதே இல்ல.

டாக்டரம்மா சொன்னதை முழுசா கேளு. சண்டையில கடிபட்டு, எச்சில் வழியா ஒட்டற ஒரு கிருமியாலயும் இது வருமாம், ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, இதுக்கு அது இல்ல. வயசானாலும் வருமாம். சிகரெட் புகை முடியில படிஞ்சு, பூனை நக்கி நக்கி உள்ள போகுமாம், அப்படிப்பட்ட வீட்டுப் பூனைங்களுக்கு அதிகமா வருதுன்னாங்க. ஆனா இந்தப் பூனைக்கு இதனாலதான்னு என்னால கை காட்ட முடியாதுன்னாங்க. உங்கப்பா மேல தப்பே இல்லைன்னு நான் வக்காலத்து வாங்கல. டிவி பாக்கறப்ப மடியில பூனை, வாயில சிகரெட்டுன்னு இருந்த மனுஷன்தான். இருந்தும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்த நடுவுல கிடந்துதான் அவர் தவிக்கிறார்.

இப்ப தெருமுனைக்குப் போய்தான் பிடிக்கிறார், இன்னும் முழுசா விடல. திரும்பி வந்து கை கழுவி, சட்டையை மாத்திட்டுதான் அதைத் தூக்கறார். எனக்காக ஒருநாளும் மாத்தாத சட்டை! அதுக்குக் குடுக்கற புற்றுநோய் மாத்திரையை வெறுங்கையில தொடக்கூடாதாம், கையுறை மாட்டிக்கிட்டு பெரிய டாக்டர் மாதிரி வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சறார். மேனேஜர் துப்பறதுல கெட்டிக்காரர். வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு. ஆனா சில மாசம்தான், மருந்து நல்லா பிடிச்சா ஒரு வருஷம், அதுக்கு மேல ஆசைப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

நீ அழாதே. குளிர்ல காதை மூடிக்கோ, முடிக்கு எண்ணெய் வை. எங்க ஆசீர்வாதம் எப்பவும் உன்னோட இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில என் போனுக்கு வேண்டாம், அப்பா போனுக்குக் கூப்பிடு. எடுக்கலேன்னா விடாம கூப்பிடு. மன்னிப்பு அது இதுன்னு பெரிய பேச்செல்லாம் வேண்டாம்டி. இன்னிக்கு மாத்திரையைத் துப்பாம முழுங்கிச்சாப்பான்னு மட்டும் கேளு, மிச்சத்தை அவரே பேசுவார்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரோட தூக்கி வச்ச மூஞ்சியையும் தாங்க முடியாத
உன் அம்மா