சிலாவத்துறைக்குத் திரும்பிய படகு

கீரி, மன்னார்.
ஆவணி 24

அன்பு மகள் மதுஷிகாவுக்கு,

ஆண்டவர் துணையால் அப்பாவும் நானும் சுகம், இந்த முறை அதைப் பொய் கலக்காமல் எழுதுகிறேன். நோர்வேயில் நீயும் மருமகனும் நலமாயிருக்க நாள்தோறும் மன்றாடுகிறேன். போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டபோது அப்பா நித்திரை என்று சொன்னேன் அல்லவா, அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பயப்படாதே, நெற்றிக் காயத்துக்கு நாலு தையல் இழை போட்டார்கள், நேற்று அதையும் வெட்டியாகிவிட்டது.

இந்த மாதம் பாராளுமன்ற அமர்வு இல்லை என்று அப்பா கொழும்பிலிருந்து வந்து நின்றார். லீவு என்பது பெயருக்குத்தான், விடிந்தால் வாசலில் சனம், ஒருவருக்குக் காணி உறுதி, இன்னொருவருக்கு ஓய்வூதியம், பெரியமடுவில் குளக்கட்டு உடைப்பு. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊரார் ஆறு பேருடைய வலைகள் சிலாவத்துறைக் கடலில் கிழிந்து வந்தன. அந்த ஊரார்தான் வெட்டினார்கள் என்று கதை கிளம்பி, மறுநாள் எங்கள் ஆட்கள் அங்குள்ள மீராசாஹிபுவின் படகை மறித்து இழுத்து வந்து இங்கே கரையேற்றிவிட்டார்கள். வீதியை மறிக்க வேண்டும், அப்பாதான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று கடற்கரையில் இருநூறு பேர் வரை கூடினார்கள்.

வெட்டினதைக் கண்டவர் யார் என்று அப்பா கேட்டார், எல்லாரும் இன்னொருவர் சொன்னதைத்தான் சொன்னார்கள். அப்படியென்றால் படகை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அதைத் தள்ளக் குனிந்தபோதுதான் கல் வந்து பட்டது. சட்டையெல்லாம் இரத்தம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் இடுப்புத் துவக்கில் கை வைத்தார், அப்பா எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "துவக்கை எடுக்காதேங்கோ, இண்டைக்கு இந்தக் கரையில வெடி கேட்டால் பிறகு என்ர பேச்சை ஆர் கேக்கிறது?" என்றார். எனக்கு உன் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தேர்தல் மேடையால் இறங்கிய அவரைச் சுட்டுக் கொன்றபோது, பழிக்குப் பழி என்று கிளம்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்பா அவருடைய இடத்தில் நின்று ஊர் ஊராய் நடந்து போய் வாக்குக் கேட்டவர். அதை நம்பித்தானே சனம் இவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

மறுநாளே கட்டுப் போட்ட தலையோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தப் படகில் போனார். மீராசாஹிபு கரையில் நின்று படகைப் பார்க்க முன்னம் காயத்தைத்தான் பார்த்தாராம். பிறகு எல்லாருமாய் வலை கிழிந்த இடத்துக்குப் போய், சங்கு குளிக்கும் ஒருவரை இறக்கிப் பார்த்தார்கள். அடியில் ஏதோ பழைய கப்பலின் உடைந்த இரும்பு, அதில் எங்கள் ஊர் வலையும் அவர்கள் வலையும் சேர்ந்தே சிக்கிக் கிடந்தன. அந்த இடத்தில் இரண்டு ஊராரும் மிதவை கட்டிவிட்டு வந்தார்கள். அந்தக் கிழிசல்களைக் கொண்டுவந்து காட்டிய பிறகு வீதி மறிக்கும் கதையை இங்கே எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இன்று பூசை முடிந்து வந்தால் வாசலில் றெனால்ட் நிற்கிறார், தேர்தலில் அப்பாவுக்காக வீடு வீடாய் ஏறி இறங்கினவர். உள்ளே வராமல் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ண, கல்லு எறிஞ்சது நான்தான்" என்றார். அப்பா, "தெரியும், கண்டனான். வந்து கதிரையில இரு, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். இத்தனை நாளும் என்னிடம்கூட அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, மகள். றெனால்ட் குடித்த கோப்பையைக் கழுவும்போது நான் குசினிக்குள் நின்று அழுதேன், ஆறுதலில் வந்த அழுகை அது.

அரசியலை விடச் சொல்லி அப்பாவிடம் கேட்கும்படி எழுதியிருந்தாய். எனக்கும் பயம் முற்றாகப் போய்விடவில்லை, ஆனாலும் அதை இனி என் வாயால் கேட்கமாட்டேன். புரட்டாதியில் திரும்பவும் கொழும்புக்குப் போகிறார், அதற்கு முன் ஒருதரம் அவரோடு கதை, ஏசாமல் கதை. பிரசர் குளிசையை நேரத்துக்குப் போடச் சொல்லு, நான் சொன்னால் கேட்கிறாரில்லை. மடுமாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா துஷ்யந்தி