காக்கிச் சட்டை போட்ட மானாப்புல் உருவத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி வீரையா ராக்கம்மா,
பிள்ளைக்காம்பரா ஆயா (ஓய்வு),
இல. 7, மூன்றாம் லயம்,
ஊத்துமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
வத்தேகம.

பெறுநர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சர் அவர்கள்,
பொலிஸ் பிரிவு அலுவலகம்,
கண்டி.

பொருள்: 09.03.2025 அன்று எமது தோட்டத்தருகே இடைநிறுத்தப்பட்ட ஊர்வலம் – அதில் பொலிஸார் கொண்டுசென்ற புல் உருவத்தைத் திருப்பித் தரவும், ஊர்வலத்தை முடித்துக்கொள்ள அனுமதி அளிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது அறுபத்து நான்கு. இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் எதையும் இரண்டு தரம் சொல்லும் பழக்கம் உண்டு. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் பக்கம் தைப்பொங்கலுக்குப் பிறகு மழை இல்லை. பீலியில் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் பிடித்தது. தண்ணீர் பவுசர் வண்டி கிழமைக்கு ஒரு தடவை வந்து, மேட்டில் ஏறாது என்று கீழே நின்றுவிடும். அதைப் பற்றி இந்த மனுவில் நான் முறையிடவில்லை.

2. இப்படிப்பட்ட காலத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பது எங்கள் வழக்கம். ஆளுயரத்தில் மானாப்புல்லால் ஓர் உருவம் செய்து, அது செத்துவிட்டதாக வைத்து, மாரடித்து அழுது, தப்படித்து, வீதி வழியே இழுத்துப்போய்ச் சுடலையில் எரிப்போம். அந்த அழுகைக்கு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. இதில் அரசாங்கத்தையோ பொலிஸையோ தோட்டத்துரையையோ யாரும் ஏசுவதில்லை. ஏசுவதற்கு எங்களுக்கு வேறு நாட்கள் உண்டு.

3. உருவத்துக்கு ஒரு பழைய உடுப்பு தேவைப்பட்டது. லயம் லயமாகக் கேட்டும் கிடைக்கவில்லை; எங்கள் தோட்டத்தில் பழைய உடுப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை, கிழியும்வரை உடுத்துவோம். ஆகவே என் கணவர் வீரையாவின் காக்கிச் சட்டையை நான் கொடுத்தேன். அவர் தோட்டத்துக் காவற்காரராக இருந்து காலமானவர். சட்டைக்கு இரண்டு பை, தோளில் பட்டி. தப்படிக்கும் கணேஸ் அப்போதே தயங்கினார். “ஆயா, பொலிஸ் சட்ட மாதிரி தெரியுதே” என்றார். “போடா, அவங்க சட்டையில பட்டன் எல்லாம் இருக்கும்” என்று வாயை அடைத்தவள் நான்தான். ஆகவே அந்தப் பிழை முழுவதும் என்னுடையது. கணேஸின் பெயரை விசாரணையிலிருந்து எடுத்துவிடும்படி இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

4. காலை பத்து மணிக்குப் பிரதான வீதியில் இறங்கினோம். அறுபது பேர் வரை இருந்தோம். இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவரைக் காலில் கயிறு கட்டி இழுப்பதையும், பின்னால் பெண்கள் நெஞ்சில் அடித்துக் கத்துவதையும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சார்ஜன்ட் அவர்கள் மரியாதையாகவே அனுமதிக் கடிதம் கேட்டார். ஊர்வலம் போவதாயிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றார். நாங்கள் அறிவிக்கவில்லை. எங்கள் மனதில் அது சாவு வீடு. சாவை ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே அறிவிப்பது எங்களில் யாருக்கும் பழக்கமில்லை.

5. என்னையும் கணேஸையும் உருவத்தையும் ஜீப்பில் ஏற்றினார்கள். உருவம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. நிலையத்தில் கான்ஸ்டபிள் றவூப் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொல்ல, இன்னொருவர் எழுதினார். “நீங்க இதுக்கு என்ன முறை?” என்று கேட்டார். “பொஞ்சாதி” என்றேன். கொடும்பாவிக்குப் பெண்சாதியாக ஒருத்தி இருந்து அழ வேண்டும். அன்று அது நான். உருவத்தின் பெயர் கேட்டார். நான் சொல்லவில்லை. எழுதியதில் கையெழுத்து வைத்தேன். பிறகு எங்கள் பாடசாலை ஆசிரியை யசோதினி பிரதியைத் தமிழில் வாசித்துக் காட்டினார். “சந்தேகநபர் தான் உருவத்தின் மனைவி என ஒப்புக்கொண்டார். உருவத்தில் காட்டப்பட்ட அதிகாரியின் பெயரை வெளியிட மறுத்தார்” என்று அதில் இருக்கிறது. எழுதியவர் மீது எனக்குக் குறையில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

6. பின்னேரம் எங்களை விட்டார்கள், உருவத்தை விடவில்லை. வழக்குப் போடுவதா இல்லையா என்று மேலிடத்திலிருந்து ஆலோசனை வரும்வரை அது சான்றுப்பொருள் என்றார்கள். மேலிடம் யார் என்று கேட்டேன். தங்கள் பதவியைச் சொன்னார்கள். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். உருவம் இப்போது சைக்கிள் கொட்டகையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. இரவுக் காவலுக்கு நிற்பவர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவதாகவும் கேள்விப்பட்டேன். பிணத்தை உட்கார வைப்பது எங்கள் முறையல்ல. தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தால் இரு தரப்பாருக்கும் நல்லது.

7. பதினோராம் திகதி மழை பெய்தது. அதன் பிறகு மூன்று தடவை நிலையத்துக்குப் போனேன். “மழதான் வந்துருச்சே ஆயா, இனி எதுக்கு இது?” என்று றவூப் தம்பி கேட்டார். நல்ல பிள்ளை, தேநீரும் வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

8. என் கணவர் 2021 ஆகஸ்ட் 24 அன்று கொரோனாவில் இறந்தார். அப்போது ஊரடங்கு. எங்கள் கதவில் தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டியிருந்தது. ஆட்கள் கூடக் கூடாது, தப்படிக்கக் கூடாது, ஊர்வலம் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டோம். என் மகன் யோகராஜ் கொழும்பில் அடைபட்டிருந்தார். வைத்தியசாலையிலிருந்தே கொண்டுபோய், பிற்பகல் மூன்றரைக்குத் தகனம் செய்வதாகத் தொலைபேசியில் அறிவித்தார்கள். அந்த மூன்றரைக்கு நான் அடுப்படியில் நின்றேன். சத்தமாக அழுதால் சனம் ஓடிவந்து வாசலில் கூடும். கூடினால் அவர்களுக்கும் வழக்கு வரும். ஆகவே சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தோட்டத்தில் யார் செத்தாலும் ஒப்பாரி வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் புருஷனுக்கு நான் ஒரு வரி வைக்கவில்லை.

9. மார்ச் ஒன்பதாம் திகதி அந்தச் சட்டை தரையில் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துவிட்டது. நான் மழைக்காக அழவில்லை என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பெண்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர்களும் மழைப் பாட்டை விட்டுவிட்டு, “காவக்கார அண்ணே” என்று அழத் தொடங்கினார்கள். பாதியில் ஜீப் வந்துவிட்டது. நிலையத்தில் பெயர் கேட்டபோது நான் சொல்லாததும் இதனால்தான். புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுத மட்டுமே செய்வேன். கையெழுத்து வைக்கத் தந்த பேனாவைப் பெயர் கேட்டபோதே தந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

10. ஆகவே உருவத்தைச் சட்டையோடு திருப்பித் தரும்படி வேண்டுகிறேன். தோளில் உள்ள பட்டிதான் ஆட்சேபனை என்றால் அதைப் பிரித்துவிடுகிறேன். இம்முறை சட்டப்படி நடக்க வேண்டும் என்பதால், ஆறு மணித்தியாலம் அல்ல, பதின்மூன்று நாட்களுக்கு முன்பே கீழ்வருமாறு அறிவிக்கிறேன்:

நாள்: 06.04.2025, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

புறப்படும் இடம்: எங்கள் வீட்டு வாசல்.

பாதை: பிரதான வீதியில் இடப்பக்கமாகப் பாலம் வரை. வழக்கப்படி பெண்கள் பாலத்தடியில் நின்றுவிடுவோம். ஆண்கள் சுடலைக்குப் போவார்கள். மகன் கொள்ளி வைப்பார், லீவு சொல்லிவிட்டார்.

வாத்தியம்: தப்பு இரண்டு.

பதாகை, கோஷம்: இல்லை.

கலந்துகொள்வோர்: நாற்பத்திரண்டு வீட்டாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2021இல் வராததற்கும் சேர்த்து வருவார்கள் போலிருக்கிறது. பொலிஸார் வந்தால் அவர்களுக்கும் தேநீர் உண்டு.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று ஆசிரியை யசோதினி சொல்கிறார். தப்படிப்பவர்களுக்கு ஒரு மணித்தியாலம் போதும். எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாததால் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தாங்களே ஒரு நேரத்தை எழுதி அனுப்பினால், அதற்குள் அழுது முடிக்கப் பார்க்கிறேன்.

வத்தேகம,
24.03.2025.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) வீ. ராக்கம்மா