எந்தக் கண்ணை மூடுவது

4-ஆம் தேதி

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவன். உன் வீட்டு மாடி அறையில் என் மகள் இருக்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாது. படித்ததும் கிழித்துப் போடு.

சிரிப்பு டாக்டர் என்னிடம் மாட்டிக்கொண்டான்.

அவன் கண் மருத்துவமனையில் என் மகள் ஐந்து வருடம் குழந்தைகளுக்குக் கண் பயிற்சி கொடுத்தது உனக்குத் தெரியும். ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருந்தால், நன்றாகத் தெரிகிற கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, மந்தமான கண்ணை வேலை வாங்க வேண்டும். தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுபோவதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அவள் அந்த போன் ஆப்பைச் செய்தாள். மலிவான போனிலும் ஓட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரிய வேண்டும், குழந்தை தானாகவே விளையாடிக்கொண்டே செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தாள். அதில் பேசும் குரல் என்னுடையது. “உங்க குரல்தாம்ப்பா கறாரா இருக்கு, பயந்துக்கிட்டாவது பிள்ளைங்க செய்யும்” என்று சொல்லிக் கடைக்குள்ளேயே உட்கார வைத்துப் பதிவு செய்தாள்.

அதைத்தான் அவனிடம் காட்டி, ஒரு பிரதியும் கொடுத்தாள். அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “இது பொம்மை விளையாட்டும்மா, வைத்தியம் இல்ல” என்று சிரித்தபடி சொல்லி வேலையைவிட்டு அனுப்பினான். அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. சாகும்வரை மறக்கப் போவதும் இல்லை.

நேற்று நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பெண் தன் மகளுக்குக் கண் ஒட்டு வாங்க வந்தாள். அவள் போனிலிருந்து, “ஆடாம உட்காரு” என்று யாரோ என்னை அதட்டினார்கள். என் குரல், மச்சான்! பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, முகப்பில் தன் படத்தையும் போட்டுக்கொண்ட திருட்டுப் பயல், என் குரலை மாற்றச் சோம்பல்பட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் மாற்றவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த கத்தி. மகள் அவனிடம் கொடுத்தது முதல் பிரதி. அதில் எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று காட்ட ஒரு முகம் வரும், அந்தக் கண்மேல் ஒரு பூ இருக்கும். ஆனால் அது எதிரே நிற்கிற ஆளின் முகம். குழந்தையோ அதை முகம் பார்க்கும் கண்ணாடி என்று நினைத்துக் கையைக் கொண்டுபோகும், ஒட்டு மற்றக் கண்ணில் விழும். வேலை செய்ய வேண்டிய கண் மூடிக் கிடக்கும். அவள் வேலையைவிட்டு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தது நான்தான். நம் கடையில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனும் எதிரே நின்று கண்ணாடி மாட்டிவிடும்போது வலது இடது குழம்பி முதல் வாரம் செய்கிற தப்பு இது. மகள் தலையில் அடித்துக்கொண்டு அன்றே நம்முடையதில் திருத்திவிட்டாள். அவனுடையதில் அப்படியே இருப்பதை அந்தப் பெண்ணின் போனில் பார்த்தேன்.

நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது சொன்னால் ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டு மறுபடி சிரிப்பான். மூன்று மாதம் பொறுத்தால், பரிசோதனைக்கு வரும் ஒரு பிள்ளைக்கும் பார்வை ஏறியிருக்காது. பெற்றவர்களே அவன் சட்டையைப் பிடிப்பார்கள், பெயர்ப் பலகை கீழே இறங்கும். மகளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாள். அந்த மருத்துவமனைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறாள் என்றாயே, அதுவும் நல்லதுக்குத்தான்.

குழந்தைகளை நினைத்துப் பார்த்தீர்களா அத்தான் என்று கேட்பாய். மூன்று மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. வாயைக் கட்டிக்கொண்டு இரு.

இப்படிக்கு,
உன் அத்தான்

22-ஆம் தேதி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் மாமாவுக்கு நான் எழுதிய கடிதத்தை அவன் கிழிக்காமல் வைத்திருந்தால் வாங்கிப் படித்துவிட்டு இதைப் படி. அவன்மேல் கோபப்படாதே. வாயைக் கட்டச் சொன்னது நான்.

நேற்றுக் காலை அந்தப் பெண் மறுபடி கடைக்கு வந்தாள். ஒட்டு தீர்ந்துவிட்டதாம். பிள்ளைக்கு ஐந்து வயது, ஒற்றைக் கண்ணோடு கடைக் கண்ணாடியில் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. “ஒரு நாள்கூட விடலைங்க. தினமும் ரெண்டு மணி நேரம். மொதல்ல அழுவாளோன்னு பயந்தேன், விளையாட்டு ரொம்பச் சுலபமா இருக்குதாம் அவளுக்கு” என்று தாய் பெருமையாகச் சொன்னாள்.

நல்ல கண்ணால் விளையாடினால் சுலபமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

ஒரு நாளும் விடவில்லை என்றாளே, அதுதான் என்னை அடித்தது. கொஞ்சம் சோம்பேறியாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? பெட்டியை எடுக்கப் போன கை அலமாரியிலேயே நின்றுவிட்டது. எந்தக் கண் மந்தம் என்று கேட்டேன். வலது என்றாள். ஒட்டும் வலது கண்ணில்தான் இருந்தது. “எனக்கும் சந்தேகமாத்தாங்க இருந்துச்சு. டாக்டர் தப்பாவா போட்டிருப்பாருன்னு விட்டுட்டேன்” என்றாள். அவரையே கேட்போம் வா என்று கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நீ வேலை பார்த்த அந்தக் கூடத்தில், நீல நாற்காலிகளில் இருபது முப்பது பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் அறையைவிட்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். இந்தப் பிள்ளைக்கு எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். சீட்டைப் பார்த்துவிட்டு, “இடது கண்ணு. நம்ம ஆப்பே சொல்லிடுமே” என்று சிரித்தான். பிள்ளை கண்ணிலிருந்த ஒட்டைப் பிரித்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுபோன புது ஒட்டையும் போனையும் அதன் கையில் கொடுத்தேன். பிள்ளை பூவைப் பார்த்தது, ஒட்டை எடுத்தது, பழகிய கையால் ஒரே அழுத்தாக வலது கண்ணில் ஒட்டிக்கொண்டது.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு தகப்பன் தன் மகன் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்தவள். அப்புறம் கூடம் முழுக்க ஒட்டு உரிக்கிற சத்தம்தான்.

“உள்ள வாங்க சார், பேசிக்கலாம்” என்று என் கையைப் பிடித்தான். “உள்ள வந்து என் பொண்ணு பேசினது போதும். இதைச் செஞ்சது அவ. தப்பைத் திருத்தினதும் அவ. நீ திருடினது திருத்தாததைடா” என்றேன். முகம் வெளிறி, தன் பெயர் எழுதிய கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அங்கேயே நின்று நம் ஆப்பை எல்லோருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். வயிறு குளிர்ந்தது, மகளே. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு முறை கிடைத்தால் இன்னொரு முறையும் செய்வேன்.

வெளியே படியில் அந்தத் தாய் என்னைக் கேட்டாள்: “இது தப்புன்னு உங்களுக்கு எப்பய்யா தெரியும்?”

“இன்னிக்குத்தாம்மா.”

“நீங்க நல்லா இருக்கணும்யா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தெருவோரம் சாக்கை விரித்துக் கண்ணாடி விற்ற நாளிலிருந்து எத்தனையோ பொய் சொல்லிப் பிழைத்தவன் நான். இந்த ஒன்று தொண்டையைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

எனக்குக் கண்ணாடிதான் தெரியும், கண் தெரியாது. நீ படித்தவள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மந்தமான கண்ணைப் பதினெட்டு நாள் மூடிவைத்தால் என்ன ஆகும்? போனதைத் திரும்பப் பிடித்துவிடலாமா? அப்பா என்று பார்க்காமல் உள்ளதை எழுது.

அந்தத் தாயின் போன் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளிடம் பேசு. எனக்கு எப்போது தெரியும் என்பதையும் நீயே சொல்லிவிடு, என்னால் முடியவில்லை. பிறகு என்னிடம் பேசுவதும் பேசாததும் உன் விருப்பம்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா