கெய்ன்ஸ் கடற்கரைத் தென்னையில் உன் அப்பா

செங்கல்,
5.10.1986

என் பிரிய மகன் விஜயதாசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் நாங்கள் இல்லாதபோது அது ஈன்ற கன்றும் கர்த்தருடைய தயவால் சுகம், ஷார்ஜா வெயிலில் நீயும் உன் அறையில் கூட இருக்கிற பிள்ளைகளும் எங்களைவிடக் கூடுதல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன், வந்து இத்தனை நாளாகியும் எழுதவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய் என்று தெரியும், ஆனால் படங்கள் கழுவி வராமல் வெறும் எழுத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை மக்கா. நேற்றுத்தான் பாறசாலை ஸ்டுடியோ சோமன் கொண்டுவந்து தந்தான். தந்த நேரத்திலிருந்து நான் தரையில் நிற்கவில்லை, இன்றைக்கு மரச்சீனிக் கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து அடி பிடித்துப் போயிற்று, உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் கருகியதையே மீன்கறி ஊற்றித் தின்றுவிட்டுப் போனார். அவர் இப்படி மாறிப்போன கதையைத்தான் எழுதப்போகிறேன், நிதானமாக வாசி.

உனக்குத் தெரிந்ததைத் திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதே, எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும். நீ போன லீவில் அப்பாவுக்கென்று கொண்டுவந்த கேமராவை அவர் இரண்டு நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டு ஆணியில் தொங்கப்போட்டார், அதை எடுத்துத் துடைத்தவள் நான், பிறகு அது என் கையைவிட்டு இறங்கவில்லை. பொழியூர் மீன்பிடி வள்ளங்களை எடுத்தேன், நம் செங்கல் ஊர்க் கோவில் உற்சவத்துக்கு வந்த ஆனையை எடுத்தேன், முட்டையிடுகிற கோழியை எடுக்கப்போய்க் கொத்து வாங்கினேன். சபையில் எல்லாரும் என்னைப் போட்டோக்காரி என்று விளிக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. உன் தங்கை ஜெபகுமாரி குவைத்தில் நர்சாக இருந்த இடத்தில் கெவின் என்ற வெள்ளைக்காரப் பையனைப் பார்த்துப் பிடித்து, ரெஜிஸ்டர் கல்யாணமும் செய்து, ஆஸ்திரேலியாவில் அவனுடைய ஊருக்குப் போய் வீடும் பிடித்த பிறகுதான் நமக்கு எழுதினாள். அன்றைக்கு மூடிய வாயை உன் அப்பா அவளிடம் இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. வெள்ளைக்காரன் என்பதல்ல அவருடைய வருத்தம். நிலத்துக்காரர் பூதலிங்கம் பிள்ளை வீட்டு முற்றத்தில் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓலை வெட்டவா, வேலி கட்டவா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா என்று எல்லாவற்றுக்கும் கேட்டுக் கேட்டு நின்ற மனுஷன் அவர். சட்டம் வந்து, நாம் குடியிருந்த குடிகிடப்பு நிலம் நம் பெயருக்குப் பதிந்த அன்றைக்கு, ஒருவரிடமும் கேட்காமல் நம் மரத்தில் ஏறித் தேங்காய் வெட்டிப் போட்டார், நீ கீழே நின்று பொறுக்கினாய். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசை, தன்னிடமும் யாராவது ஒன்று கேட்க வேண்டும். "எனக்க மவ எனக்கிட்ட ஒரு வாக்கு கேக்கல்லியே" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி வெற்றிலைக் கறையோடு அவர் பல்லும் கறுத்ததுதான் மிச்சம்.

நீயும் அவளும் சேர்ந்து டிக்கெட் அனுப்பியபோதும் அவர் வரமாட்டேன் என்றுதான் நின்றார். அவள் இரண்டு உயிராக இருக்கிறாள், வாந்தி நிற்கவில்லை, சொட்டுத் தண்ணீர் தங்கவில்லை என்று கடிதம் வந்த பிறகுதான் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தார். அப்போதும் நிபந்தனை, "நான் வாறேன், ஆனா அவங்கூட நின்னு போட்டோ எடுக்க மாட்டேன், கேட்டியா" என்றார். எனக்கோ குடும்பமாக ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். மெட்ராசும் சிங்கப்பூரும் கடந்து கெய்ன்சில் இறங்கினால், மக்கா, நம் மார்கழி மாதிரி ஒரு இதமான காற்று, கடற்கரை முழுக்கத் தென்னை! விமான நிலையத்திலேயே ஜெபாவைப் பார்த்து நான் அழுதேன், எலும்பும் கண்ணுமாக இருந்தாள், கழுத்து மாலை தோளெலும்பில் தட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெவின் நெடுநெடு என்று வாசல் நிலை இடிக்கிற உயரம், அங்கே தீயணைப்பு வண்டியில் வேலை, கைகூப்பிச் சிரித்தான், அப்பா அதற்கும் பெட்டியைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் கெவின் பக்கத்தில் இருந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் கங்காரு வருகிற படத்திலும், கொண்டை வைத்த வெள்ளைக் கிளி வருகிற படத்திலும், அவர்கள் ஜெபத்துக்குப் போகிற பள்ளிக்கு முன்னால் எடுத்த படத்திலும் உன் அப்பாவுடைய பிடரிதான் இருக்கிறது. அவர் பிடரியில் ஒரு மச்சம் உண்டு என்பதே எனக்கு இத்தனை வருடம் கழித்து இந்தப் படங்களில்தான் தெரிந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஜெபா தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அம்மா, நம்ம கருக்கு ஒண்ணு வெட்டிக் குடிச்சா எனக்கு வயித்துல நிக்கும்" என்றாள். இளநீருக்கா பஞ்சம், இத்தனை தென்னை நிற்கிறதே என்று நான் கேட்க, ஆட்கள் தலையில் விழுந்துவிடும் என்று நகரசபைக்காரர்கள் பிஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள் என்றாள். அப்பாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவளிடம் பேசமாட்டாரே, சுவரைப் பார்த்து, "தலையில விழும்னு தேங்காயப் பிறக்க விடாத ஊரா இது!" என்றார். மறுநாள் கெவின் வேலைக்குப் போன பிறகு ஆளைக் காணவில்லை. குளியலறையில் இருந்த பெரிய துண்டையும் காணவில்லை, கறிக்கத்தியையும் காணவில்லை. ஜெபா நடக்க முடியாமல் நடந்து என்னோடு கடற்கரைக்கு வந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவும் கழுத்தில் இருந்தது. கடற்கரையின் கடைசியில் வெட்டாமல் விட்டுப்போன ஒரு தென்னை, அதன் உச்சியில் ஒரு குலை, குலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேட்டியைத் தார் பாய்ச்சிய உன் அப்பா! துண்டை முறுக்கிக் காலில் தளையாகப் போட்டு ஏறிவிட்டார், உச்சியில் போன பிறகு துண்டு அவிழ்ந்து விழுந்துவிட்டது, கால் சதையும் பிடித்துக்கொண்டது. கீழே குளிக்கிற உடுப்போடு வெள்ளைக்காரக் கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. நான் கத்தினேன், இறங்கும் ஓய் என்று. மேலேயிருந்து, "நீ சத்தம் போடாத விலாசினி, நான் கொஞ்சம் காத்து வாங்குறேன்" என்று பதில் வருகிறது. காற்று வாங்குகிறவருடைய கால் வெடவெட என்று ஆடுவது கீழேயே தெரிந்தது. ஜெபா மணலில் உட்கார்ந்து அப்பா அப்பா என்று அழுகிறாள், மக்கா, இந்த ஊருக்கு இவரைக் கொண்டுவந்து மண்ணில் வைக்கவா வந்தேன் என்றுகூட நினைத்துவிட்டேன்.

யாரோ போன் செய்திருக்கிறார்கள், மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வந்தது. அதிலிருந்து தொப்பியும் பூட்சுமாகக் குதித்தது யார் என்கிறாய், நம் கெவின். மரத்தில் இருப்பது யார் என்று பார்த்ததும் அந்தப் பையனுடைய வெள்ளை முகம் இன்னும் வெளுத்துப் போயிற்று. ஏணியைச் சாய்த்து அவனே ஏறினான். உன் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்கு நம் பேச்சு தெரியாது, தெரிந்ததெல்லாம் ஜெபா வாயிலிருந்து கேட்ட நாலு வார்த்தை. அவன் வீட்டுக் கூரையில் சருகு வார ஏறும்போதெல்லாம் இவள் பயந்து, எலே எறங்குலே என்று கத்துவாளாம். உயரத்தில் நிற்கிற ஆளை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அதுதான் என்று அவன் நினைத்திருக்கிறான். உச்சிக்குப் போய், அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எலே மாமா! எறங்குலே! எறங்குலே மாமா!" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன், இன்றோடு உறவு முடிந்தது என்று. மேலே ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் உன் அப்பா சிரிக்கிறார். குலை ஆட, ஏணி ஆட, அந்தப் பையன் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, இவர் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாரோ! வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும் என்று சோமன் சொல்லித்தந்தது எப்படியோ நினைவு வந்தது, மரத்தைச் சுற்றி ஓடினேன், யாருடைய காலையோ மிதித்தேன், கர்த்தரே கையை நடுங்கவிடாதே என்று சொல்லிக்கொண்டே அமுக்கினேன். அதுதான் இதனுள் வைத்திருக்கிற படம்.

குலை இல்லாமல் இறங்கமாட்டேன் என்று கையைக் காட்டி அடம்பிடித்து, அதையும் வெட்டி அவன் தோளில் ஏற்றிவிட்டுத்தான் இறங்கினார். மணலில் கால் வைத்ததும் கூட்டம் கைதட்டியது. நகரசபையிலிருந்து ஒரு வயதான அதிகாரி கோபமாக வந்து ஏதோ கேட்டார். யாராவது அதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே, ஜெபா எழுந்து வந்து, அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆருகிட்ட கேட்டு ஏறுனீங்கன்னு கேக்காரு அப்பா" என்றாள். அவர் சட்டென்று, "எனக்க மவளுக்குத் தாகம். அதுக்கு ஆருகிட்ட கேக்கணும்?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது போல, குலையின் பக்கம் குனிந்துகொண்டார். பிறகு ஒரு கருக்கைச் சீவி அவள் கையில் வைத்து, "குடி மக்கா, கரையாத, அழாத" என்றார். அவள் அழுதுகொண்டே குடித்தாள், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அதிகாரி இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், இனி ஏறக்கூடாது என்று விரலை ஆட்டிவிட்டு, அவரும் ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் கெவின் குளித்து முழுக்கைச் சட்டை போட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றான். நின்று, ஜெபாவை மொழிபெயர்க்கச் சொல்லி, உங்கள் மகளை எனக்குக் கட்டித்தருவீர்களா என்று கேட்டான். அவளோ வயிற்றில் பிள்ளையோடு நின்று அதைச் சொல்கிறாள், சொல்லச் சொல்லச் சிரிப்பும் வருகிறது. நான் அடுக்களைக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். உன் அப்பா உடனே சரி என்பார் என்று நினைத்தாயா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மீசையைத் தடவி, "செரி, எனக்க வீட்டுக்காரிக்கிட்டயும் கேக்கணும். நாளைக்குச் சொல்லுறேன்" என்றார். அந்தப் பையன் உண்மையாகவே பயந்து போய்விட்டான். காலையில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்து இருவரையும் நிறுத்தி ஜெபம் செய்து, "தந்தாச்சு. நல்லா பாத்துக்கிடணும்" என்று அவன் கையில் அவள் கையை வைத்தார். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் முகம் மட்டும்தான், பிடரி கிடையாது. நான் நகர்ந்தாலும் அவர் கேமராவைத் தேடி நகர்ந்து வருகிறார், அது வேறு தொல்லை.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, விடவில்லை, கடைசிக்கென்று வைத்திருந்தேன். அந்த ஊர்ப் பத்திரிகையின் போட்டோக்காரன் எல்லாம் முடிந்த பிறகுதான் மூச்சிரைக்க வந்தான். என் கழுத்தில் கேமராவைப் பார்த்து அந்த ரோலைக் கேட்டான், ஜெபா கூடப் போய்க் கழுவி ஒரு படம் கொடுத்துவிட்டு ரோலைத் திருப்பி வாங்கிவந்தாள். மூன்றாம் நாள் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு வந்துவிட்டது, கீழே இங்கிலீஷில் என் பெயர்! எழுத்தில் ஒன்று குறைந்திருந்தது, போகட்டும். அந்தப் போட்டோக்காரன் வீட்டுக்கே வந்து எனக்குக் கை கொடுத்தான், எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் அவனுக்கு ஒரு தட்டு அவல் கொடுத்தேன்.

இங்கே மழை நல்ல மழை. பொழியூரில் கடல் ஏறி உன் சித்தி வீட்டுப் பின்சுவர் வரை வந்து நிற்கிறது, சாமான்களை நம் வீட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், அவள் கேட்கமாட்டாள், நீயும் ஒரு வரி எழுது. ஜெபா இப்போது சோறு தின்று கன்னம் வைத்துவிட்டாளாம். நீ வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, குப்பூஸ் ரொட்டியையும் டப்பா மீனையும் மட்டும் நம்பி உடம்பைக் கெடுக்காதே, அடுத்தவன் சாமானை என்ன ஏது என்று பார்க்காமல் ஊருக்குக் கொண்டுவராதே. லீவுக்கு வரும்போது எனக்குச் சேலை வேண்டாம், கலர் ரோல் கொண்டுவா, ரோல் தீர்ந்து போயிற்று. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ கை வைக்கிற வேலையையெல்லாம் வாய்க்கப்பண்ணுவாராக. படத்தை ஓரத்தில் பிடித்துப் பார், எண்ணெய்க் கையோடு நடுவில் விரல் வைக்காதே, உன் அப்பாவின் சிரிப்பில் கறை விழுந்தால் என்னிடம் வேறு பிரதி இல்லை. அறையில் எல்லாருக்கும் காட்டு, எடுத்தது எனக்க அம்மையாக்கும் என்று உரக்கச் சொல்லு.

இப்படிக்கு,
முத்தங்களோடு உன் அம்மா
விலாசினி