அக்காவின் ரிப்போர்ட்டில் மூன்றாவது நட்சத்திரம்

மார்ச் 3, செவ்வாய்

சகலருக்கும் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை, குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், என் மூக்கின் இடப்புறத்தில் ஒரு பரு இனிதே அவதரித்தது. தாயும் (அதாவது நானும்) சேயும் நலம். பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வர வேண்டாம்.

சலவைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் முறைப்படி அறிவித்தேன். "கையை வைக்காத, பெருசாயிடும்" என்றாள். ஒரு வாழ்த்து கூட இல்லை.

அக்காவிடம் போனேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பயிற்சி மெக்கானிக் அவள். பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் குட்டி மாத்திரைல ஒண்ணு குடேன்க்கா. உனக்குப் பருவெல்லாம் ஓடியே போச்சே."

"அதைச் சாப்பிட்டா உன் மீசையும் ஓடிப் போயிடும். பரவாயில்லையா?"

என் மீசை இப்போதுதான் விண்ணப்பமே போட்டிருக்கிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

குட்டி மாத்திரையின் வரலாற்றை எதிர்காலச் சந்ததிக்காக எழுதி வைக்கிறேன்.

அக்கா பிறந்தபோது எல்லோரும் பையன் என்று நினைத்துவிட்டார்கள். நானே பத்து வயது வரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். பிறகு அவள் சொன்னாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் வளையல் பெட்டியைக் கொண்டுவந்து அவள் கட்டில்மேல் வைத்தாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது: இனிமேல் உதைப்பாளா, மாட்டாளா? உதைப்பாள்.

இரண்டு வருடமாக ஹார்மோன் மருந்து சாப்பிடுகிறாள். ஒன்று பெண் ஹார்மோன். இன்னொன்று ஆண் ஹார்மோனை அடக்கும் குட்டி மாத்திரை. அது போகிற போக்கில் அவள் முகத்தில் கொத்துக் கொத்தாக இருந்த பருக்களையும் அடக்கிவிட்டது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை. அதற்குப் பதிலாக, சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை. ஒன்பது மாடி உயரத்தில், இருட்டுக் குழியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கேபிளுக்கு கிரீஸ் தடவுகிற என் அக்காவுக்கு ஊசி என்றால் நடுக்கம். பயத்தில் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் நான். தலைமை நரம்பு நிபுணர், சம்பளமில்லாப் பதவி.

என் முறை எளிமையானது. மேல்கையில் ரப்பர் பட்டை கட்டியதும், "மூடு, திற! மூடு, திற!" என்று கத்துவேன். அக்கா முஷ்டியை இறுக்கி மூடித் திறப்பாள். போன முறை நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அதனால் இன்று வேகத்தைக் கூட்டினேன். "ரத்தம் வரலைன்னா உன் சம்பளம் வரலைன்னு நெனைச்சுக்கோ! இறுக்கு!" அக்கா சிரித்துக்கொண்டே இறுக்கினாள். நரம்பு எலி வால் மாதிரி எழும்பி வந்தது. ரத்தம் எடுத்த பையன் அசந்துபோய், "தம்பி, இங்கயே வேலைக்கு வந்துடு" என்றான்.

ஒரே குத்து! வரலாற்றில் பதியப்படட்டும்.

மார்ச் 11, புதன்

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. அக்காவுக்கு இன்று விடுமுறை. எனக்கு அரை நாள்தான் பள்ளி. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள்.

அவள் ரிப்போர்ட் படிப்பதைப் பார்க்க வேண்டும். எண் அளவு தாண்டினால் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார்கள். அவளுடைய பழைய அடையாள அட்டையில் ஆண் என்று இருப்பதால், ஆண்களுக்கான அளவோடுதான் ஒப்பிடுகிறார்கள். பெண் ஹார்மோன் "அதிகம்" - நட்சத்திரம். ஆண் ஹார்மோன் "குறைவு" - நட்சத்திரம். மற்றவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தால் அழுவார்கள். இவள் பென்சிலால் பக்கத்தில் பெண்களுக்கான அளவை எழுதி, போன முறை எண்ணையும் எழுதி, "ரெண்டும் எங்க இருக்கணுமோ அங்க இருக்கு" என்று சிரிப்பாள். எனக்குத் தெரிந்து, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு அழகாக இருக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. (இதை அவளிடம் சொன்னால் தலைக்கனம் ஏறும்.)

"இன்னொரு நட்சத்திரம்க்கா! மூணு! நீ த்ரீ ஸ்டார் ஆயிட்டே!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பென்சிலை வைத்துவிட்டாள்.

பொட்டாசியம் 5.9. இருக்க வேண்டியது அதிகபட்சம் 5.1.

"இது ஆம்பளை, பொம்பளைக் கணக்கு இல்லடா. எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்தக் குட்டி மாத்திரையால இது ஏறும்னு முதல் நாளே சொன்னாங்க. ரொம்ப ஏறினா இதயத்துடிப்பு தாறுமாறாயிடும்."

அவள் டாக்டரைக் கூப்பிட போனை எடுப்பதற்குள் டாக்டரம்மாவே கூப்பிட்டுவிட்டார். இன்று ராத்திரி மாத்திரை வேண்டாம், உடனே வாங்க, இசிஜி எடுக்கணும். அம்மாவுக்குச் சொன்னோம். கடையிலிருந்து சீருடையோடு ஓடி வந்தாள்.

இசிஜி நன்றாக இருந்தது. நான் வெளியே உட்கார்ந்து ஐந்து ஜோக் யோசித்தேன். ஒன்று கூட வாயில் வரவில்லை.

அக்கா டாக்டரிடம் கேட்டாள்: "மேடம், வேலைல ரீடிங் ஏடாகூடமா வந்தா முதல்ல மீட்டர் ஒயரைத்தான் பாப்போம். இதுலயும் அப்படி ஏதாவது இருக்குமா?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன். உங்க சிறுநீரகம் நல்லா இருக்கு, இசிஜி நல்லா இருக்கு. ஆனா தப்பான ரீடிங்னு நாமளா முடிவு பண்ணிக்கக் கூடாதும்மா. நாளைக்குக் காலைல மறுபடி எடுப்போம். நிஜமாவே ஏறியிருந்தா, இந்த மாத்திரையை அடியோட நிறுத்தணும். வேற வழி பாப்போம்."

அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வி! நானாக இருந்தால் கேவியிருப்பேன்.

வீட்டுப் படியேறும்போது மட்டும் அக்கா நின்றாள். "வாலு, அந்த மாத்திரைக்கு முன்னால இருந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குடா." பிறகு ஏறிப் போய்விட்டாள். அந்த முகம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பாள்.

மார்ச் 12, வியாழன்

4.3!! நாலே நாலு புள்ளி மூணு! டாக்டரம்மா போனில் சொன்னதும் அம்மா சத்தமாக அழுதாள், பிறகு அழுததற்காக என்னைத் திட்டினாள். மாத்திரையை மறுபடி சாப்பிடலாம். ஒரு வாரம் கழித்து எதற்கும் இன்னொரு முறை பார்ப்பார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ரத்தம் எடுக்கிற அறையில் ஒன்று நடந்தது. அதை எழுதப் போவதில்லை.

மார்ச் 13, வெள்ளி

எழுதப் போவதில்லை என்றேனே.

மார்ச் 15, ஞாயிறு

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

வியாழக்கிழமை ரத்தம் எடுத்தது வேறு ஒருவர், கண்ணாடி போட்ட அம்மா. பட்டை கட்டியதும் அக்கா பழக்க தோஷத்தில் முஷ்டியை மூடித் திறந்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படிப் பண்ணாதீங்கம்மா. பட்டை கட்டிட்டு கையை இறுக்கி இறுக்கித் திறந்தா, தசையில இருக்கற பொட்டாசியம் ரத்தத்துல வந்து கலந்துடும். ரீடிங் ஏறிக் காட்டும். யாரு சொல்லிக் குடுத்தது இது?"

யார் சொல்லிக் கொடுத்தது! தலைமை நரம்பு நிபுணர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "யாருமில்ல மேடம். நானா பண்றதுதான்" என்றாள்.

இன்று காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். மூன்று முறை தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த மூடு திற... நான்தானே..."

"தெரியும்டா." என் சட்டையை உதறி என் முகத்திலேயே ஈரத்தைத் தெளித்தாள். "கையை இறுக்கினேன்னு டாக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அது அவங்களுக்குத் தெரியணும். யாரு கத்தினாங்கன்னு தெரிய வேண்டாம்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவை உன்னை உள்ள விட மாட்டாங்க. எனக்கு யாரு இருக்கா, லூசு?"

கண்ணில் தண்ணீர். சட்டை தெளித்ததுதான். வேறொன்றுமில்லை.

மார்ச் 19, வியாழன்

மறு பரிசோதனை. எனக்குப் புதுப் பதவி: அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. அவள்தான் நிபந்தனை போட்டாள். "இந்தக் கையை எவ்வளவு வேணா இறுக்கிக்கோ. கணக்குல வராது."

இறுக்கினேன். அவள் அசையவே இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊசியைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை, இதுவரை ஒரு முறையும் பார்த்ததில்லை. நிபுணர் எப்போதும் சுவரில் இருக்கும் காலண்டரைத்தான் பார்ப்பார்.

எண் 4.4.

பருவைப் பற்றி: கையை வைத்தேன். பெரிதாகிவிட்டது.