வாத்துக்கு விட்ட இடம்

786

கல்முனைக்குடி
24.08.1986

அன்பு மகன் ஜவுபருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சியும் இருக்கிறோம், அந்தப் பாலைவனத்து வெயிலிலும் தூசியிலும் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிறேன். நான் சொல்லச் சொல்ல சுல்பிகா எழுதுகிறாள். நான் பேசுவதைப் பேசுகிற மாதிரியே எழுது பிள்ளை என்றால் கேட்கமாட்டாள், பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தவள் அல்லவா, என் பேச்சுக்குப் பெருநாள் உடுப்பு மாட்டித்தான் உனக்கு அனுப்புவாள். உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிறது. பதில் எழுதத் தாமதித்தது கோபத்தினால் இல்லை. அதில் நீ எழுதியிருந்த இரண்டு விஷயத்தை என்னால் உடனே விழுங்க முடியவில்லை. வாப்பா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்யிற உம்மா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கம்பனியில கையெழுத்துப் போடப்போறன் என்று ஒன்று. வாப்பா பார்க்காத டீவி எங்கட வீட்டுல என்னத்துக்கு, ஆருக்கும் குடுத்திருங்க என்று மற்றது.

முதலில் வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். வாப்பா போய் நான்கு மாதமும் பத்து நாளும் ஆகும்வரை இத்தா, நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன். நடு அறையில் திரை போட்டு அதற்குள்ளே ஓதுவதும் தொழுவதுமாகப் பொழுது போகிறது, மாரி மழை தொடங்கும் காலத்தில்தான் வெளியே வரலாம். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. எண்ணெய்க்கடைக் கச்சிமுகம்மது உழ்ஹிய்யாவுக்கு அறுத்த இறைச்சி அனுப்பியிருந்தார், ஆக்கி வைத்தோம், இரண்டு பேருக்கும் இறங்கவில்லை. சுல்பிகாவுக்கு இன்னும் ஆசிரியர் நியமனம் வரவில்லை. பட்டம் எடுத்த முதல் பொம்பிளைப் பிள்ளை இந்த ஒழுங்கையில் இவள்தான் என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், இவளோ கடைக்குப் போனாலும் கேட்டுச் சாமான் வாங்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வருகிறாள். இதை எழுதாமல் விட்டுவிடுவாள் என்று பார்த்தேன், எழுதுகிறாள். அவளுக்கென்று நீ தொடங்கிவைத்த வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது, அது நிற்கட்டும், அதற்காக நீ அங்கே காய வேண்டாம். வெயிலில் நின்றுவிட்டு வந்து உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்குத் தொண்டை ஆகாது.

இனி டீவி கதைக்கு வருகிறேன். ஓம் மகன், வாப்பா அந்த வெளிச்சவீட்டுப் படத்தைப் பார்க்கவில்லை. நீ கேட்டதற்கு இதுதான் பதில், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் நீ நினைப்பதுபோல் அவர் ஏங்கிப்போய் மௌத்தாகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

நீ சிறுபிள்ளையாய் இருந்த நாளிலிருந்து வாப்பாவின் தையல் மேசையில் அந்தப் பேப்பர் விரிந்திருந்தது உனக்குத் தெரியும். பாண்டிருப்பிலிருந்து புண்ணியமூர்த்தி சைக்கிளில் கொண்டுவந்து போட்டதும் மற்றச் செய்தியெல்லாம் பிறகு, முதலில் அந்தப் படக்கதைதான். வெள்ளைக்காரன் கீறிய கதை, தமிழாக்கிப் போட்டிருப்பார்கள். கப்பலுக்கு விளக்குக் காட்டும் ஒரு வெளிச்சவீடு, அதைக் காக்கிற மூக்கு நீண்ட மனிதன், அவன் பேச்சைக் கேட்காத ஒரு கொழுத்த வாத்து. பேப்பரில் அவனுக்கு என்ன பெயர் போட்டிருந்தார்களோ, எங்கள் வீட்டில் அவன் கச்சிமுகம்மது. மூக்கைப் பார்த்து வாப்பா வைத்த பெயர். எண்ணெய்க்கடைக்காரர் அதற்காக எத்தனை தரம் வாசலில் வந்து நின்று, மீராமுகைதீன், என்ட பேரச் சொல்லிப் பிள்ளையளச் சிரிக்க வைக்கிற நீ, உன்ட மூக்க ஒருநாள் கண்ணாடியில பாத்திரிக்கியா என்று சண்டை பிடித்திருப்பார். வாப்பாவோ தன்னை விட மூத்தவர் என்றும் பாராமல், தையலை விட்டுத் தலையை நிமிர்த்தாமல், காக்கா, இண்டைக்கு நீங்க கடலுக்குள்ள விழுந்திட்டீங்க, நாளைக்குத்தான் கரைக்கு வருவீங்க, போயிட்டு நாளைக்கு வாங்க என்பார். குர்ஆன் மதரஸா விட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் மேசையைச் சுற்றி நிற்கும். மூன்று கட்டம் நான்கு கட்டம்தான் படம், அதை வாப்பா அரை மணித்தியாலம் வாசிப்பார். புயலுக்கு ஒரு குரல், கப்பல்காரனுக்கு ஒரு குரல். அடுப்படிக் குசினிக்குள் இருந்து, வேலையத்த வேலை, உடுப்புக்காரன் வந்து ஏசப்போறான் என்று கத்துவதுதான் எனக்கு வேலை. வாத்து வரும் இடத்தில் மட்டும் வாப்பா நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் உன்னுடையது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ கத்தினால் அடுத்த வளவுக் கோழிகள் எல்லாம் பதில் சொல்லும்.

போன வருஷம் ஊர் குழம்பிய நாட்கள் உனக்கு ரேடியோவில்தான் தெரியும். நேற்றுவரை ஒன்றாக இருந்த தமிழரும் முஸ்லிம்களும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று ஆகி, பாதை பூட்டி, பஸ் நின்று, புண்ணியமூர்த்தி எங்கள் ஒழுங்கைக்கு வர முடியாமல் போனது. பிள்ளைகள் பயந்து வெளிறிப்போய் வாப்பாவிடம்தான் வந்தார்கள். வாப்பா பேப்பரை விரித்தார், வாசித்தார். அது பழைய பேப்பர் என்று குசினி வாசலில் நின்ற எனக்குத் தெரியும், மூலையில் தேங்காயெண்ணெய்க் கறைகூட இருந்தது. படத்தில் கச்சிமுகம்மது தூங்குகிறான், வாப்பாவோ அவன் பக்கத்துத் தீவுக்குத் தோணியில் போய் அங்கே இருக்கிறவனிடம் விளக்குத்திரி கேட்டதாகவும், அவன் திரியோடு கருவாடும் கொடுத்தனுப்பியதாகவும் கதை சொல்கிறார். பேப்பர் திரும்பி வரத் தொடங்கியபோது பேப்பர்க் கதை எங்கேயோ இருந்தது, வாப்பா சொன்ன நம்முடைய கதை வேறெங்கேயோ இருந்தது. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரவில்லை. அப்போதும், மகன், வாத்து வரும் இடத்தில் வாப்பா நிறுத்தினார். இதை நான் பிறகு சொல்கிறேன்.

நீ டோஹாவில் இருந்து, வாப்பா, உங்கட கச்சிமுகம்மது இஞ்ச டீவியில ஓடுறான், ஆடுறான், அவன்ட சட்டை பச்சை நிறம் என்று எழுதிய கடிதத்தை வாப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கச்சிமுகம்மது காக்காவிடமே கொண்டுபோய்க் காட்டி, பாத்தீங்களா, நீங்க வெளிநாடும் போயிட்டீங்க என்றாராம். பிறகு உன்னோடு வேலை செய்யும் அப்துல் ஸமட் லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்ட டீவியும் வந்தது. தென்னையை விட உயரத்துக்குப் பைப்பு நட்டு அன்டனா கட்டினார்கள், அதில் அரைவாசி நாள் மழை பெய்கிற மாதிரித்தான் தெரியும். நம் நாட்டு டீவியிலும் அந்தப் படத்தைப் போடுவார்கள் என்று வாப்பா பேப்பரில் நிகழ்ச்சி நிரலைத் தேடிக்கொண்டே இருந்தார். நோன்பு வந்தது, பெருநாளும் முடிந்தது. பெருநாளுக்குப் பின் பிடிக்கும் ஆறு நோன்பில் ஒருநாள் அசர் தொழுகைக்கு முன் மெஷினில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தார். தூக்கிக் கட்டிலில் போட்டோம். கலிமாச் சொல்லிக் கொடுத்தேன். வாயைத் திறந்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அல்லாஹ்வுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை மகன். தந்தி கிடைத்தும் கம்பனி விடாததால் நீ வரமுடியாமல் போனதை நினைத்து நீ அழுகிறாய், பக்கத்திலேயே இருந்த எனக்கும் அந்தச் சத்தம் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்.

அன்றைக்கே யாரோ டீவியின் மேல் வெள்ளைச் சேலையைப் போட்டார்கள். அது அப்படியே கிடந்தது. புண்ணியமூர்த்தி இன்னும் பேப்பர் போடுகிறார். வாப்பா மௌத்தான கிழமையில் வேலியோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, அண்ணன் இல்லாம இந்தப் பேப்பர ஆர் வாசிக்கிற தங்கச்சி, ஆனா போடாமப் போகவும் மனம் வருகுதில்ல என்று சுல்பிகாவிடம் கண் கலங்கினாராம். அவர் போட்ட பேப்பரில்தான் போன கிழமை அந்த விளம்பரம் வந்தது. ஸ்கூல் லீவு நாளில் பின்னேரம், அரை மணித்தியாலம், வெளிச்சவீட்டுப் படம். பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்ததோ, அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே வேலிக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். உள்ளே வரவும் இல்லை, கேட்கவும் இல்லை. உன் சித்தி லைலா வந்து, இத்தா வீட்டுல டீவி போட்டா ஊரு என்ன கதைக்கும்கா, விரட்டி விடு என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளை விரட்ட எனக்கு வாய் வரவில்லை. பாட்டும் கூத்தும் கேட்கக்கூடாது, சத்தத்தைப் பூராவும் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் போடு என்று சுல்பிகாவிடம் சொன்னேன். சேலையை எடுத்தாள்.

முன்மண்டபம் நிறையப் பிள்ளைகள், கதவெல்லாம் திறந்து தெருவே தெரிகிறது, நான் திரைக்குள்ளே. எனக்குப் படம் தெரியாது, வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடுகிறது. அவ்வளவு பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு நதீரா, உனக்குத் தெரியும்தானே, முன்பல் விழுந்தவள், திரையடியில் வந்து மெல்லமாக, மூத்தம்மா, கச்சிமுகம்மது வாயத் தொறக்கிறான் தொறக்கிறான், ஒண்டும் வருதில்ல என்றாள்.

என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை மகன். அவன் இப்ப என்ன செய்யிறான் சொல்லு கிளி என்றேன். ஏணியில ஏறுறான், கையில எண்ணெய்ப் போத்தல் என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாப்பா சொல்கிற மாதிரியே, யா அல்லாஹ், இந்த ஏணிக்கு ஆர் இவ்வளவு படி வச்ச, கட்டினவன் ஏறிப் பார்த்தானா என்று சொன்னேன். அங்கே சிரிப்புக் கேட்டது. பிறகு எல்லாரும் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள், இப்ப புயல் வருது மூத்தம்மா, இப்ப விளக்கு அணைஞ்சிட்டு, இப்ப கப்பல் வருது, பாறையில முட்டப்போகுது. அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல, நான் காணாமல் பேசினேன். புயலின் குரல் வந்தது, கப்பல்காரனின் குரல் வந்தது. இத்தனை வருஷமாய்க் குசினிக்குள் இருந்து ஏசிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறேன். இடையில் ஒருவன், மூத்தாப்பா சொன்னதில இவனுக்குப் பக்கத்துத் தீவுல கூட்டாளி இரிக்கான், அவன் எங்க, இவங்களுக்குக் கதை தெரியாது என்று டீவிக்காரரை ஏசினான்.

அப்போது நதீரா, வாத்து பாறையில ஏறி நிண்டு வாயத் தொறக்கிது மூத்தம்மா, கப்பலக் கூப்பிடுது என்றாள். நானும் நிறுத்திவிட்டேன். பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழக்கம். ஏன் தெரியுமா மகன், இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். நீ போன நாளிலிருந்து வாப்பா அந்த வாத்தின் சத்தத்தை வேறு ஒரு பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. தானும் போடவில்லை. அந்த இடம் வந்தால் நிறுத்துவார், ஒரு மூச்சு விடும் நேரம், பிறகு, வாத்து டோஹாவுக்குப் போயிரிக்கி, மாரிக்கு வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார். ஒவ்வொரு நாளும். நான் அதைப் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். திரைக்குள் இருந்து அந்த மௌனத்தைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

படம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு சுல்பிகா சொன்னாள், கச்சிமுகம்மது காக்கா வேலிக்கு வெளியே கடைசிவரை நின்றாராம். நான் அறியவில்லை, இத்தாவில் இருக்கிறவளின் குரல் அந்நிய ஆணுக்குக் கேட்டுவிட்டது, அல்லாஹ் மன்னிக்கவேண்டும். அவர் ஒரு பை தோடம்பழ இனிப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மீராமுகைதீன விட மச்சிதான் என்னை நல்லாப் பகிடி பண்ணுறா எண்டு சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாராம்.

அதனால் மகன், டீவியை யாருக்கும் கொடுக்கமாட்டேன். வாப்பா பார்க்காத டீவி என்று நீ சொல்கிறாய், அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாலும் பிள்ளைகளுக்கு அவர்தான் குரல் கொடுத்திருப்பார், அது சிங்களத்தில்தான் பேசுமாம், விளம்பரத்தில் போட்டிருந்தது என்று சுல்பிகா சொல்கிறாள், எங்களில் யாருக்கு அது விளங்கும். நீ பிந்தி அனுப்பினாய் என்று உன்னையே நீ ஏசிக்கொள்ளாதே. வாப்பா இல்லாத வீடு என்றும் சொல்லாதே, அவர் விட்டுவைத்த ஓர் இடம் இந்த வீட்டில் வெறுமையாக இருக்கிறது, அதற்கு வேறு ஆள் இல்லை. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். நீ ஆண்பிள்ளை, உனக்குக் கஷ்டம் தெரியும். நான் கட்டாயப்படுத்தவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வாத்து கூப்பிடும் இடத்தில் நாங்கள் எல்லாரும் பேசாமல் இருந்தோம் என்றேன் அல்லவா, அப்போது நான் நதீராவிடம் கப்பல் என்ன ஆச்சு என்று கேட்டேன். பாறையில முட்டாமத் திரும்பிட்டு மூத்தம்மா, சத்தம் இல்லாமலே திரும்பிட்டு என்றாள். படத்தில் அப்படி நடக்கும் மகன். எனக்கோ சத்தம் போட வராது, இந்தக் கடிதம்தான் வரும்.

ஐந்து நேரத் தொழுகையை விடாதே. வாப்பாவுக்கு ஒவ்வொரு வெள்ளியும் யாசீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஈமானையும் சுகத்தையும் தந்து எந்த வழியால் போனாயோ அந்த வழியால் உன்னை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. வாப்பாவின் மெஷினுக்கு எண்ணெய் போடும் சின்னக் குப்பியை அவர் எங்கே வைப்பார் என்று உனக்குத் தெரியும்தானே, மறக்காமல் எழுது, இங்கே தேடிக் காணவில்லை, மெஷின் துருப்பிடிக்கிறது.

என் பெயரைச் சுல்பிகா எழுதப் பார்த்தாள், விடவில்லை. எனக்குத் தெரிந்த அறபு எழுத்தில் நானே கீழே போட்டிருக்கிறேன், கோணலாக இருந்தால் சிரிக்காதே.

உன் உம்மா,
(அறபு எழுத்தில்) சபியா உம்மா